செய்தது, செய்வித்தது, உடன்பட்டது



கடந்த மாதம் நமது வானொலியில் நான் ஆற்றிய உரையைக் கேட்ட பலர் அதை எழுத்தில் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஒலிபரப்பில் நேரம் போதாமையால் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சமய அறிஞன் அல்ல, வரலாற்று ஆசிரியனும் அல்ல. யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் படித்துப் பட்டம் பெற்று, இலண்டனில் கணக்காளனாக வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் ஒலிவாங்கியின் முன்னால் உட்காரும் ஒரு தொண்டன். ஆகவே சமண சமயம் இயற்கையோடு எப்படி நடந்துகொள்ளச் சொன்னது என்பதை ஒரு கணக்காளனின் கண்ணால்தான் என்னால் பார்க்க முடியும். அப்படிப் பார்க்கக் கற்றுத் தந்தவரும் ஒரு கணக்காளர்தான். அவரிலிருந்தே தொடங்குகிறேன்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, பல இடங்கள் அலைந்து, 1997இல் இலண்டன் வந்து சேர்ந்தேன். எனக்கு முதன்முதலில் மேசையும் கதிரையும் தந்தவர் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தை நடத்திய குஜராத்தி ஜைனர். ஜைனம் என்பதும் சமணம் என்பதும் ஒரே சமயம்தான். அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் 'காகா' என்றுதான் கூப்பிடுவோம். குஜராத்தியில் அது சித்தப்பாவைக் குறிக்கும் சொல். எனக்கோ முதல் சில நாட்கள் ஊர் முற்றத்துக் காகம்தான் ஞாபகத்துக்கு வந்தது!

காகாவும் ஒரு அகதிதான். 1972இல் இடி அமீன், ஆசியர்கள் 90 நாட்களுக்குள் உகண்டாவைவிட்டு வெளியேற வேண்டும் என்று அறிவித்தபோது, கம்பாலாவில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்தவர். அந்த ஆண்டு பிரித்தானியாவுக்கு வந்த ஏறத்தாழ 28,000 பேரில் அவர் குடும்பமும் ஒன்று. என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "நீயும் ஒரு பெட்டியோடா வந்தாய்?" என்பதுதான்.

நான் சேர்ந்து இரண்டாவது ஆண்டில் ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்தார். வெப்பமண்டலக் காடுகளிலிருந்து மரம் இறக்குமதி செய்யும் நிறுவனம். அந்தக் கணக்கு வந்தால் எனக்குச் சம்பளம் கூடும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்போது மூத்த மகள் பிறந்திருந்த நேரம். காகா அவர்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, நன்றாகக் கதைத்து, கடைசியில் "எங்களால் முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு பழைய குறிப்புப் புத்தகத்தை விரித்தார். மூன்று பத்திகள் கோடு போட்டிருந்தன. முதலாவது செய்தது, இரண்டாவது செய்வித்தது, மூன்றாவது உடன்பட்டது.

"பேட்டா, மரத்தை வெட்டுகிறவன் முதல் பத்தியில். காசு கொடுத்து வெட்டுவிக்கிறவன் இரண்டாவதில். கணக்கெல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுகிற நாங்கள் மூன்றாவதில். நான் மூன்று பத்தியையும் பார்க்கிறேன்."

வீடும் கடையும் வைத்திருப்பவர்களுக்கு இப்படியெல்லாம் கதைக்கலாம் என்று அப்போது நினைத்தேன். அந்த வருடம் எனக்குச் சம்பளம் கூடவில்லை. ஆனால் அந்த மூன்று பத்திகள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை.

சமணர் எந்தச் செயலையும் மூன்று வழியாகப் பார்க்கிறார்கள். தானே செய்வது கிருதம், பிறரைக் கொண்டு செய்விப்பது காரிதம், பிறர் செய்ததற்கு உடன்படுவது அனுமோதனம். ஒவ்வொன்றும் மனத்தால், சொல்லால், உடலால் நடக்கலாம். மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது. துறவி இந்த ஒன்பது வழியாலும் உயிர்க்குத் தீங்கு செய்வதில்லை என்று நோன்பு ஏற்கிறார். இல்லறத்தாருக்குச் சலுகை உண்டு. பெரும்பாலும் 'நானாகச் செய்யேன், பிறரைக்கொண்டு செய்வியேன்' என்ற அளவோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். காகா மூன்றாவது பத்தியையும் தானாகவே சேர்த்துக்கொண்டவர்.

எந்த உயிர்க்குத் தீங்கு? இங்கேதான் சமணம் மற்றவர்களைவிட வெகு தூரம் போகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டுமல்ல, மண்ணுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் காற்றுக்கும் செடிகொடிக்கும் உயிர் உண்டு என்பது அவர்கள் கொள்கை. இவை தொடு உணர்வு மட்டுமே உள்ள ஓரறிவு உயிர்கள். அதற்கு மேலே புழு, எறும்பு, வண்டு என்று ஐந்தறிவு வரை ஏறுகிறது. ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியம் உயிர்களை வகுப்பதைப் பாடசாலையில் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்தக் கொள்கையிலிருந்தே அவர்களுடைய பழக்கவழக்கங்கள் பிறக்கின்றன. தண்ணீரை வடிகட்டிக் குடிப்பார்கள். பொழுது பட்ட பிறகு, விளக்கில் பூச்சி விழும் என்பதால், உண்ணமாட்டார்கள். கிழங்கைப் பிடுங்கினால் செடியோடு மண்ணிலுள்ள பல உயிரும் அழியும் என்று தவிர்ப்பார்கள். மழைக்காலத்தில் நிலமெங்கும் சிற்றுயிர்கள் பெருகும் என்பதால் துறவிகள் நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்குவார்கள். திகம்பரத் துறவி கையில் வைத்திருக்கும் மயிற்பீலி, மயில் தானாக உதிர்த்த இறகால் ஆனது. உட்காரும் முன் இடத்தை மெதுவாகக் கூட்டிவிடத்தான் அது.

துறவியின் கதை இது. வியாபாரிக்கு என்ன வழி? ஒரு வர்த்தகப் பட்டதாரியாக எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. அதற்கு விடை சொல்லும் நூல் ஒன்று இருக்கிறது. சுவேதாம்பர சமணரின் ஆகமங்களில் ஏழாவது அங்கமான உவாசகதசாவோ. மகாவீரரைப் பின்பற்றிய பத்து இல்லறத்தாரின் கதைகள் அதில் உள்ளன. வாய்வழியாக வந்த ஆகமங்கள் கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் குஜராத்தின் வல்லபியில் ஏட்டில் எழுதப்பட்டன.

முதல் கதை ஆனந்தன் என்ற பெரும் செல்வனுடையது. அவன் மகாவீரரிடம் நோன்பு ஏற்கும் இடத்தை வாசித்தபோது எனக்கு ஒரு ஐந்தொகையை வாசிப்பது போலவே இருந்தது. சேமிப்பில் 4 கோடி பொன், வட்டிக்கு விட்டது 4 கோடி, வீடு வாசல் உடைமைகளில் 4 கோடி. தலைக்கு 10,000 என 4 மாட்டு மந்தைகள். நிலத்துக்கு 500 ஏர். வெளியூருக்கு 500 வண்டி, உள்ளூருக்கு 500 வண்டி. படகுகள் வேறு!

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எதைத்தான் துறந்தான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவன் துறந்தது கையில் இருந்ததை அல்ல, இனிமேல் வரக்கூடியதை. 'இதற்கு மேல் ஒரு காசும் ஒரு மாடும் எனக்கு வேண்டாம்' என்று ஆண்டுக் கணக்கின் அடியில் கோடு இழுத்துவிட்டான். பொருளுக்கு மட்டுமல்ல, அன்றாடப் பாவனைக்கும் அளவு வைத்தான். குளிக்க 8 குடம் தண்ணீர். குடிக்க வானத்திலிருந்து விழும் மழைநீர் மட்டும். பல் துலக்க ஒரே வகைக் குச்சி. எங்கள் நிறுவனங்களில் வருட ஆரம்பத்தில் வரவுசெலவுத் திட்டம் போட்டு உச்ச வரம்பு வைக்கிறோமே, அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். நாங்கள் செலவுக்கு வரம்பு வைக்கிறோம். அவன் வரவுக்கு வரம்பு வைத்தான்.

அதே இடத்தில் இல்லறத்தார் செய்யக்கூடாத 15 தொழில்களின் பட்டியலும் வருகிறது. கரி சுடுதல். காட்டு மரம் வெட்டி விற்றல். வண்டி செய்து விற்றல். வண்டியை வாடகைக்கு விடுதல். நிலத்தை அகழ்தலும் பாறை உடைத்தலும். தந்தம், அரக்கு, கள் போன்றவை, நஞ்சு, முடியுள்ள உயிர்கள் என்று ஐந்து வகை வியாபாரம். செக்கு ஆலைகளில் நசுக்குதல். விலங்குகளை ஊனப்படுத்துதல். காட்டுக்குத் தீ வைத்தல். குளம், ஏரி, ஆறுகளை வற்றச் செய்தல். கொல்லும் பிராணிகளை வளர்த்தல். 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஏமச்சந்திரர் தமது யோகசாத்திரத்திலும் இதே பதினைந்தை விளக்குகிறார்.

மரம், சுரங்கம், காட்டுத்தீ, வற்றிய ஏரி... இன்றைய சுற்றுச்சூழல் மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் போல இருக்கிறதல்லவா? காகா திருப்பி அனுப்பிய வாடிக்கையாளர் இந்தப் பட்டியலில் இரண்டாவது வரி என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் கணக்காளன் புத்தி விடுமா? ஐந்தொகை பொருந்தவில்லையே என்று பார்த்தேன். நிலத்தைக் கிளறுவது தீது என்றால் 500 ஏர் எப்படி? வண்டித் தொழில் கூடாதென்றால் 1,000 வண்டி எப்படி? சமண ஆசிரியர்களும் இந்தச் சிக்கலை அறிந்தே இருந்தார்கள். அவர்கள் தீங்கை நான்காகப் பிரித்தார்கள். கொல்ல வேண்டும் என்றே செய்வது ஒன்று. சமையல், துப்புரவு போன்ற வீட்டு வேலையில் தவிர்க்க முடியாமல் நேர்வது ஒன்று. தொழிலில் நேர்வது ஒன்று. தற்காப்பில் நேர்வது ஒன்று. முதலாவது இல்லறத்தானுக்கு அறவே கூடாது. மற்ற மூன்றையும் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

இதற்கு வாழும் உதாரணம் தமிழ்ச் சமணர்கள். சமணர் என்றால் வட இந்திய நகைக்கடைக்காரர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் நயினார் என்ற பட்டத்தோடு, தமிழையே தாய்மொழியாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. அவர்கள் ஏர் பிடிக்கிறார்கள், பொழுது படுமுன் உண்கிறார்கள். திகம்பரப் பிரிவினரான அவர்கள் போற்றும் அருங்கலச்செப்பு என்னும் தமிழ் நூல், சமந்தபத்திரரின் வடமொழி நூலை அடியொற்றியது. அந்த மரபில் 'பயனில்லாமல் செய்யும் தீங்கு' என்று தனியாக ஒரு குற்றமே உண்டு. தேவையில்லாமல் மண்ணைத் தோண்டுவது, தண்ணீரை வீணாக்குவது, தீ மூட்டுவது, செடியை முறிப்பது எல்லாம் அதில் அடங்கும். உழுகிறவன் உழட்டும், ஆனால் வீணாக ஒரு இலையையும் கிள்ளாதே என்பதே இதன் சாரம்.

இதைத் தமிழில் கண்முன் நடக்கக் காட்டியவர் இளங்கோவடிகள். கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்படும்போது துணைக்கு வருபவர் கவுந்தியடிகள் என்ற சமணப் பெண் துறவி. பாடசாலையில் இந்தப் பகுதியை வெறும் பயண வருணனையாகத்தான் எனக்குப் படிப்பித்தார்கள். காகாவின் பத்திகளுக்குப் பிறகு நாடுகாண் காதையைத் திரும்ப வாசித்தபோது வேறொன்று தெரிந்தது. எந்த வழியால் போகலாம் என்று கவுந்தியடிகள் எடுத்துச் சொல்லுகிறார். சோலை வழியே போனால், கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கண்ணகி தடுக்கி விழக்கூடும். வயல் வழியே போனால், கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து குளத்துத் தண்ணீரில் கலந்திருக்கும், தாகத்தில் தெரியாமல் அதை அள்ளிக் குடித்துவிடுவாள். களை பறித்தவர்கள் வரம்பில் போட்ட பூவில் வண்டு இருக்கும், மிதித்துவிடலாம். வாய்க்கால் கரையில் நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும்.

பாருங்கள், எந்த வழியும் குற்றமற்றதாக இல்லை! ஆனாலும் மூவரும் நடக்கத்தான் செய்தார்கள், பார்த்துப் பார்த்து நடந்தார்கள். சமண நெறி முழுவதையும் இந்த ஒரு காட்சியில் வைத்துவிட்டார் இளங்கோ என்றே நான் கருதுகிறேன்.

இந்த நெறி சில வேளைகளில் அரசர்களின் சட்டமாகவும் ஆனது. ஏமச்சந்திரரின் அறிவுரையைக் கேட்ட குஜராத் மன்னன் குமாரபாலன் தன் நாட்டில் உயிர்க்கொலையைத் தடை செய்தான். 1583இல் ஈரவிசய சூரி என்ற சமணத் துறவி குஜராத்திலிருந்து நடந்தே பதேபூர் சிக்ரிக்குப் போய் அக்பரைச் சந்தித்தார். சமணரின் பர்யூசண நாட்களில் விலங்குகளைக் கொல்லக்கூடாது என்று அக்பர் ஆணையிட்டார். அரண்மனைக்கு அருகிலிருந்த பெரிய ஏரியில் மீன் பிடிப்பதும் நிறுத்தப்பட்டது. எத்தனையோ பரிசுகளைக் கேட்டிருக்கக்கூடிய இடத்தில் அந்தத் துறவி மீனுக்கும் பறவைக்கும் கேட்டார் என்பதை மறக்கக்கூடாது.

ஈழத்திலும் சமணர் இருந்தார்கள். பண்டுகாபயன் அனுராதபுரத்தில் நிகண்டர் என்னும் சமணத் துறவிகளுக்கு உறைவிடம் கட்டிக்கொடுத்தான் என்றும், பின்னர் வட்டகாமணி அபயன் கிரி என்ற நிகண்டரின் பள்ளியை இடித்துவிட்டு அந்த இடத்தில் விகாரை எழுப்பினான் என்றும் மகாவம்சம் சொல்லுகிறது. அரசன் பெயரான அபயனும் துறவி பெயரான கிரியும் சேர்ந்ததே அபயகிரி. ஆட்கள் போய்விட்டார்கள், அவர்களில் ஒருவருடைய பெயர் மட்டும் இடித்தவனுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஊரைவிட்டு வந்த எங்களுக்கு அது எப்படிப்பட்ட நிலை என்று சொல்லத் தேவையில்லை.

இனிக் கவுந்தியடிகள் போய்ச் சேர்ந்த மதுரைக்கு வருவோம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சமணர் படுக்கைகள் இருக்கின்றன. இயற்கையான குகையின் தரையை வழவழப்பாகச் செதுக்கி, தலைமாட்டை மட்டும் சிறிது உயர்த்தியிருப்பார்கள். மழைநீர் உள்ளே வராமல் வழிந்தோடக் குகையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். மலையில் அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவுதான். பக்கத்தில் தமிழிக் கல்வெட்டில் கொடையாளியின் பெயர் இருக்கும். அழகர்மலைக் கல்வெட்டுகளில் யார் யார் தெரியுமா? பொற்கொல்லன், உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன்! அறுவை என்றால் துணி. கொழு என்பதை ஏர்க்கொழு என்று ஆய்வாளர் கொள்கிறார்கள். மண்ணைக் கிளறவும் தயங்கிய துறவிக்கு, ஏர்க்கொழு விற்றவன் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறான். ஆனந்தனின் 500 ஏர் போலத்தான் இதுவும். தொழிலையும் நெறியையும் ஒரே கணக்கில் கொண்டுவர முயன்றவர்கள் தமிழகத்திலும் இருந்திருக்கிறார்கள்.

மதுரைக்கு அருகே மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் அரிட்டாபட்டியும் அப்படிப்பட்ட ஊர். ஏழு குன்றுகள், அவற்றின் அடியில் குளங்கள், ஊற்றுக்கள். தமிழிக் கல்வெட்டோடு கூடிய சமணக் குகையும், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகளும், எறும்புண்ணியும், தேவாங்கும் அங்கே வாழ்கின்றன. சுற்றுவட்டாரத்தில் பல குன்றுகளைக் கிரானைட் குவாரிகள் தின்றுவிட்ட பிறகும் இந்த ஊர் தப்பி நின்றது. 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 எக்டேரைத் தமிழகத்தின் முதலாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், இந்தத் தலத்தையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 எக்டேர் பரப்பில் தங்குதன் சுரங்க உரிமம் ஒரு நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது என்று செய்தி வந்தது. ஊர் ஊராகச் சனங்கள் கிளர்ந்தார்கள். டிசம்பர் 9ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7ஆம் தேதி பல்லாயிரம் விவசாயிகள் மதுரைக்கு நடந்தே பேரணி போனார்கள். சனவரி 23ஆம் தேதி இந்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது.

போராடியவர்கள் சமணர் அல்லர். தங்கள் வயலுக்கும் கோயில் காட்டுக்கும் குளத்துக்கும் நின்ற சாதாரணக் கிராமத்துச் சனங்கள். ஆனால் அந்த மலையில் ஒரு தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கிறது. அதன் கீழே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. கரணத்தார் பெயரில் அச்சணந்தி என்ற துறவி இந்தத் திருமேனியைச் செய்வித்தார், பாதிரிக்குடியார் இதைக் காக்க வேண்டும் என்பது அதன் செய்தி. கரணத்தார் என்றால் யார்? கணக்கு எழுதுபவர்கள், நேயர்களே! என் தொழிற்காரர்கள். பாதிரிக்குடி என்பது அந்த ஊரின் பழைய பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஊரார் ஒப்படைத்த பொறுப்பைச் செய்திருக்கிறார்கள்.

கணக்கு எழுதுபவர்கள் செய்தார்களா? இங்கேதான் நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 டிசம்பரில் அரிட்டாபட்டி பற்றி நமது வானொலியில் நானும் கதைத்தேன். சுரங்க நிறுவனங்களை நன்றாகவே திட்டினேன். பலர் அழைத்துப் பாராட்டினீர்கள். வீட்டுக்கு வந்தபோது மூத்த மகள், அந்தச் சம்பளம் கூடாத வருடத்தில் கைக்குழந்தையாக இருந்தவள், கேட்டாள்:

"அப்பா, எங்கட பென்சன் காசும் உப்பிடியான கம்பனிகளிலதானே கிடக்கு?"

"இல்லைப் பிள்ளை" என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு கணினியைத் திறந்தேன். மற்றவர்களுடைய முதலீட்டு அறிக்கைகளை வருடம் முழுவதும் வரி வரியாக வாசிக்கிற நான், என்னுடைய ஓய்வூதிய நிதியின் அறிக்கையை அதுவரை கடைசிப் பக்கத்தில் தொகையை மட்டும் பார்த்து மூடிவிடுவேன். அன்று முழுவதையும் வாசித்தேன். உலகின் பல பாகங்களில் மலையைத் தோண்டும் நிறுவனங்களின் பங்குகள் அதில் இருந்தன. அந்த மலைகளின் கீழும் ஏதாவது ஒரு அரிட்டாபட்டி இருக்கும். அந்த ஊர்களுக்கும் எங்களைப் போல ஒரு வானொலி இருக்குமோ தெரியாது.

நான் வெட்டவில்லை, வெட்டுவிக்கவுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது பத்தி என்னவாகும்? இருபத்தைந்து வருடத்துக்கு முன்னர் காகா எனக்குக் காட்டிய பத்தி. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அன்று அவரோடு மூன்று நாள் கதைக்காமல் இருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

சமணத்தை உயர்த்திப் பேசுவதற்காக உண்மையை மறைக்கக்கூடாது. அதன் குறிக்கோள் ஆன்மாவின் விடுதலை. காட்டையும் ஆற்றையும் காப்பது அதன் முதல் நோக்கமல்ல என்று ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள், அது நியாயமான கருத்துத்தான். எறும்புக்கு வழி விடுகிற ஒருவர் சுரங்கத்துக்குக் கடன் கொடுக்கவும் கூடும். சமணர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். 1990 அக்டோபரில் எல்.எம். சிங்வி எழுதிய இயற்கை பற்றிய சமணப் பிரகடனத்தை இலண்டன் பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் பிலிப்பிடம் கையளித்தார்கள். பழைய நோன்பை இன்றைய உலகின் அழிவுகளோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி அது. இந்த நாட்டில் பிறந்த சமண இளைஞர்கள் சிலர், இன்றைய பண்ணைகளில் பசு படும் பாட்டைப் பார்த்துப் பாலையே விட்டுவிடுகிறார்கள். பாலும் நெய்யுமாக வளர்ந்த அவர்களுடைய பெற்றோர் வீட்டில் அதனால் வாக்குவாதம் நடக்கிறது. அந்த வாக்குவாதம் நடப்பதுதான் அந்த நெறி உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்று நான் நினைக்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மாற்றக்கூடிய பணத்தை வேறு நிதிக்கு மாற்றினேன். ஒரு பகுதியை மாற்ற முடியவில்லை, அது அப்படியே கிடக்கிறது. கவுந்தியடிகள் சொன்னது போலக் குற்றமற்ற வழி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சிறு புத்தகத்தில் மூன்று பத்தி கோடு போட்டு, மாற்ற முடியாத தொகையை மூன்றாவதில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதப்படாத கடனை யாரும் தீர்ப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் பால பாடம்.

அன்பானவர்களே, நாங்கள் ஒரு பெட்டியோடு வந்தவர்கள். எதையும் விட்டுக்கொடுக்க முடியாத நிலையில் பல வருடம் உழைத்தோம், அதில் தவறில்லை. இன்று நம்மில் பலருக்கு வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, பிள்ளைகளின் பெயரில் சேமிப்பு இருக்கிறது. ஆனந்தனைப் போல எல்லாவற்றின் அடியிலும் கோடு இழுக்கச் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றுக்கு இழுப்போம். குளிக்கும் தண்ணீராக இருக்கலாம், ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் வாங்கும் புது உடுப்பாக இருக்கலாம், பணம் போய்ச் சேரும் இடமாக இருக்கலாம். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி எழுதுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் எங்களுடையதைவிட நேரானவை.

உங்கள் வீட்டில் என்ன எழுதினீர்கள் என்று வானொலி நிலையத்துக்கு எழுதி அனுப்பினால், அடுத்த மாத உரையில் பெயர் சொல்லாமல் வாசிக்கிறேன். அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.